1967 டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரி: துருப்பிடித்த கேபின் தகடுகளைச் சீர்செய்வதும் இரைச்சலைக் குறைப்பதும்

கேள்வி: கொட்டகை லாரி (திருச்செங்கோடு)

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா 1967-இல் வாங்கிய டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரி, எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நின்றிருந்தது. டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸும் 1954-இல் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் 1969-இல் முடிவதற்கு முன் வந்த வண்டி என்பதால், முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. முன்முகம், பானெட், மட்கார்டு ஆகியவை சேஸுடன் (அடிச்சட்டத்துடன்) ஆலையிலிருந்து வந்தவை. கேபினின் மற்ற பகுதிகளை அக்காலத்து வழக்கப்படி நாமக்கல்லில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் தகடு போர்த்திக் கட்டியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு இயந்திரத்தை முழுமையாகப் பிரித்துச் சீர்செய்துவிட்டோம். ஆறு சிலிண்டர்களும் ஒழுங்காக ஓடுகின்றன.

இப்போது என் கவலை கேபினைப் பற்றியது. இரு கதவுகளிலும் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்துக்குத் தகடு அரித்துப் போயிருக்கிறது. ஓட்டுநர் காலடியில் தளத் தகடு சல்லடையாகிவிட்டது. இடது மட்கார்டு கேபினோடு சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கூரைத் தகட்டில் துரு இல்லை. ஆனால் வேகம் முப்பதைத் தாண்டினால் அது மத்தளம்போல் அதிர்கிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். சத்தம் குறையும் என்று ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி, சென்ற புரட்டாசியில் தளம் முழுவதும் தார் ஷீட் ஒட்டவைத்தேன். துருவைச் சுரண்டாமலே ஒட்டிவிட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கேபினுக்குள் ஒரு புளித்த வாடை வந்தது. ஷீட்டின் ஓரத்தைப் பிடித்து உரித்தபோது தகடும் அதனுடன் வறட்டிபோல் பெயர்ந்து வந்தது. அடியில் ஈரம் அப்படியே தேங்கியிருந்தது. சில்லறை ஓட்டைகளாக இருந்தவை ஒரே பருவத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் போய்விட்டன.

எனவே அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். தகடுகளை எந்த வரிசையில், எந்த முறையில் சீர்செய்ய வேண்டும்? அரித்த பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டால் போதுமா, அல்லது கதவின் வெளித்தகட்டை முழுவதுமாக மாற்ற வேண்டுமா? அதன்பின் இரைச்சலைக் குறைக்க எதை எங்கே வைப்பது? வண்டியின் பழைய தோற்றம் மாறக் கூடாது என்பதே என் ஒரே நிபந்தனை.

மறுமொழி 1: தகட்டுவேலை (சங்ககிரி)

வணக்கம் தம்பி. முப்பத்து நான்கு ஆண்டுகளாக லாரி டிங்கரிங் (தகடு தட்டிச் சீர்செய்யும்) வேலையில் இருக்கிறேன். உங்கள் வண்டியைப் போன்றவற்றை, அவை சாலையில் ஓடிய காலத்திலேயே தொட்டிருக்கிறேன். இந்தக் கேபின்களைப் பொறுத்தவரை, தகட்டை வெட்டுவதற்கு முன் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் போட்ட ஒட்டு, எவ்வளவு நல்ல ஒட்டாக இருந்தாலும், நான்கு மழைக்குள் மறுபடி அரிக்கும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸைப் பிடித்துக் கீழிருந்து மேலாக மெதுவாக நனைத்துக்கொண்டே போக வேண்டும். முதலில் கூரையில் அடித்தால் எல்லா இடத்திலும் ஒழுகி, மூலம் தெரியாமல் போகும். பெரும்பாலும் முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகளிலும், மட்கார்டு போல்ட்டுகளின் ஓரத்திலும்தான் முதல் சொட்டு விழும்.

கதவுக்கு இது பொருந்தாது. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. போன தண்ணீர் வெளியேற அடிவிளிம்பில் வடிகால் துளைகள் இருக்கும். புழுதியும் பழைய பெயிண்ட்டும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால் கதவே தொட்டியாகிவிடும். நான்கு விரல் உயரத்துக்கு அரித்திருக்கிறது என்று நீங்கள் சொல்வது, அவ்வளவு உயரத்துக்கு அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

இனி வெட்டும் வேலை. சுத்தியலின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்தது சத்தென்று சத்தம் தரும். சத்தம் மாறும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, அதற்கு மேல் இரண்டு விரல் தள்ளி, பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். கதவின் மேற்பாதி நன்றாக இருந்தால் முழு வெளித்தகட்டையும் மாற்ற வேண்டாம்; அந்தக் காலத்துக் கைவேலையின் வளைவு புதுத் தகட்டில் அப்படியே வராது. பழைய தகட்டின் சுத்தமான ஓரத்தை ஸ்க்ரூ கேஜில் அளந்து, அதே கனத்தில் சிஆர் தகடு (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) வாங்குங்கள். 20 கேஜ் என்றால் ஏறத்தாழ 0.9 மி.மீ., 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. கனமாகப் போட்டால் நிலைக்கும் என்று 16 கேஜ் போடச் சொல்பவர்கள் உண்டு. கனம் மாறினால் சூட்டில் இரண்டும் வெவ்வேறு விதமாக இழுத்து, சேர்மானத்தின் இருபுறமும் அலை அலையாகிவிடும்.

பழைய தகட்டின்மேல் புதியதை ஏற்றி வைத்து வெல்டிங் செய்வது விரைவான வேலைதான். ஆனால் இரண்டு தகடுகளுக்கும் இடையில் ஓர் இடுக்கு உண்டாகி, ஈரம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளித்தோற்றம் உள்ள இடங்களில் விளிம்போடு விளிம்பு சேர்த்தே வெல்டிங் செய்ய வேண்டும். 0.8 மி.மீ. கம்பியில் மிக் வெல்டிங்காக (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் மின் வெல்டிங்) இருக்கட்டும். முதலில் ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளியாகவும், ஒரு புள்ளி இந்த முனையில் என்றால் அடுத்தது அந்த முனையில் என்பதாகவும் வைத்துப் போங்கள். புறங்கையைத் தகட்டில் வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறினால் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடலாம். அவசரப்பட்டு ஒரே ஓட்டமாக இழுத்தால், நேராக இருந்த கதவு அப்பளமாகிவிடும். கேஸ் வெல்டிங்கில் தேர்ந்த கை கிடைத்தால் அதுவும் நல்லதே. அந்தச் சேர்மானம் மென்மையாக இருக்கும், டாலி (தகட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி) வைத்துத் தட்டி நீட்டலாம்.

கூரை மத்தளம்போல் அதிர்வதற்கு வருகிறேன். யாரோ மேலே ஏறி மிதித்தோ, சரக்கை வைத்தோ தகடு நீண்டுபோயிருந்தால், அது உள்ளும் வெளியுமாக ‘டொப் டொப்’ என்று தாவும். அதைச் சூடு வைத்துச் சுருக்க வேண்டும். நீண்ட இடத்தின் நடுவில், பழைய நாலணாக் காசு அளவுக்கு மட்டும், கேஸ் முனையால் செந்நிறம் வரும்வரை காட்டினால், அந்த இடம் சின்னக் கொப்புளமாக எழும்பும். உடனே அடியில் டாலியைப் பிடித்து, கொப்புளத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மரச் சுத்தியலால் நான்கைந்து தட்டு தட்டி, ஈரத் துணியை வைத்து ஒற்றினால், தகடு இறுகுவது கையிலேயே தெரியும். ஒரு தடவைக்கு ஒரு புள்ளி போதும். ஆறியபின் அமுக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்ததற்குப் போகலாம். அதிகம் சுருக்கிவிட்டால் சுற்றிலும் இழுத்துக்கொள்ளும். உங்கள் கேபினில் தகட்டுக்கு அடியில் மரம் இருப்பதால், உள்ளே ஒருவர் ஈரச் சாக்குடன் நிற்காமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வெல்டிங்குக்கும் அப்படியே, பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், டீசல் தொட்டியை இறக்கிவிடுங்கள்.

பள்ளத்தை நிரப்பும் பட்டி இரண்டு மி.மீ. கனத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் தகட்டு வேலை முடியவில்லை என்று பொருள். வெறும் இரும்பில் முதலில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பட்டி. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால் உலர உலரத் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்ப்பதும், முகக்கவசம் போடுவதும் அவசியம். இயந்திரத்துக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில் சாம்பல் நிற அட்டை போன்ற பழைய ஷீட் இருந்தால், அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதைக் கிரைண்டரால் தொடாதீர்கள். நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாகக் கழற்றிப் பையில் கட்டிவிடுங்கள்.

மறுமொழி 2: அதிர்வும் ஒலியும் (சென்னை)

வணக்கம். வாகனங்களின் ஒலி, அதிர்வு ஆகியவற்றை அளந்து ஆராயும் பொறியாளராக வேலை பார்க்கிறேன். தகட்டு வேலையைப் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இரைச்சலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் ஒட்டிய தார் ஷீட் துருவை வளர்த்தது ஒருபுறம் இருக்க, அது சத்தத்தையும் பெரிதாகக் குறைத்திருக்காது. ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். ஆறு சிலிண்டர் நான்கு வீச்சு இயந்திரத்தில், ஒரு சுற்றுக்கு மூன்று சிலிண்டர்கள் வெடிக்கின்றன. நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் நொடிக்கு 100 வெடிப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலி. காற்றில் அதன் அலைநீளம் மூன்றரை மீட்டருக்கு அருகில். பத்து மி.மீ. நுரை ஷீட்டுக்கு அப்படிப்பட்ட அலை ஒரு பொருட்டே இல்லை. அந்த உறுமலில் பெரும்பகுதி காற்று வழியாக வருவதும் இல்லை. இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்கள் வழியாகச் சேஸுக்கும், அங்கிருந்து கேபின் தாங்கிகள் வழியாகத் தளத்துக்கும் ஏறி வருகிறது. இத்தனை ஆண்டு நின்ற வண்டியில் அந்த ரப்பர்கள் மரக்கட்டையாக இறுகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத ரப்பரை மாற்றிவிடுங்கள். ஷீட் எதுவும் வாங்குவதற்கு முன் நீங்கள் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

அடுத்து இடுக்குகள். பெடல்கள், ஸ்டியரிங் தண்டு, வயர் கட்டு, கியர் லீவர் ஆகியவை தளத்தையும் தடுப்புத் தகட்டையும் துளைத்து வருகின்றன. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிப் பகுதி எவ்வளவு கனமாக இருந்தாலும், அந்தச் சுவரால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. எனவே ஒவ்வொரு துளைக்கும் சரியான அளவில் ரப்பர் வளையம் போடுங்கள். வயர் செல்லும் துளையில் வளையம் இல்லாவிட்டால் சத்தம் வருவதோடு, தகட்டின் விளிம்பு வயரை அறுத்து ஷார்ட் ஆகும் ஆபத்தும் இருக்கிறது. கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு தாள் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். கைக்குப் பிடிப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அமரவில்லை.

இவை முடிந்தபின் தகடுகளின் அதிர்வுக்கு வரலாம். இதற்கு மேலே அலுமினியத் தாளும் அடியில் பியூட்டைல் ரப்பரும் கொண்ட, இரண்டு மி.மீ. கன டேம்பிங் (அதிர்வை அடக்கும்) ஷீட்டைப் பரிந்துரைப்பேன். நம் வெயிலில் தார் ஷீட் இளகி வாடையடிக்கும். பியூட்டைல் அந்தச் சூட்டைத் தாங்கும். தகட்டை முழுவதுமாக மூட வேண்டியதில்லை என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஒரு தகடு அதன் நடுப்பகுதியில்தான் அதிகம் அதிர்கிறது. எனவே சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட பரப்பில் நடுவே கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை ஒட்டினாலே பயனின் பெரும்பகுதி கிடைத்துவிடும். தின்னர் போட்டுத் துடைத்த, பெயிண்ட் அடித்த தகட்டில் ஒட்டி, அலுமினியத்தின் மேலுள்ள புடைப்பு வடிவம் தட்டையாகும்வரை உருளையால் அழுத்துங்கள். பிறகு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று நீண்ட ஒலி ‘டொக்’ என்று உடனே அடங்கியிருக்கும். உங்கள் கூரைக்கு, ஐயா சொன்னபடி சுருக்கிய பிறகு, இதுதான் மருந்து. சுருக்காமல் ஒட்டினால் தாவுகிற தகடு ஷீட்டையும் தூக்கிக்கொண்டு தாவும்.

கடைசியாகத் தடுப்பு. 20 கேஜ் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ எடை. எடையை இரட்டித்தால் தோராயமாக 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும் என்பது பொது விதி. அதற்காக இரும்பை இரட்டிக்க வேண்டாம். தளத்திலும் தடுப்புத் தகட்டின் கேபின் பக்கத்திலும், நீர் உறிஞ்சாத மூடிய துளை நுரையை ஆறு மி.மீ. கனத்தில் விரித்து, அதன்மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கனமான வினைல் விரிப்பைப் போட்டால், நடுவிலுள்ள நுரை மெத்தைபோல் நின்று இரண்டையும் பிரித்து வைக்கும். தளத்தில் இவற்றை ஒட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெறுமனே விரித்து, ஓரத்தில் கிளிப் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் தூக்கிப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தடுப்புத் தகட்டின் இயந்திரப் பக்கம் நுரை எதுவும் வேண்டாம். அது நாளடைவில் டீசலையும் ஆயிலையும் குடித்துத் திரியாகிவிடும்.

மீண்டும் கேள்வி: கொட்டகை லாரி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன ஹோஸ் சோதனையை நேற்றே செய்தோம். முன்கண்ணாடியின் இடது கீழ் மூலையிலிருந்து தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கி, நேராகத் தளத்துக்கு வருகிறது. கதவின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தியபோது ஒரு கைப்பிடி அளவு மண்ணும், ஒரு பழைய சுங்கச் சீட்டும் வந்தன.

இன்னும் இரண்டு ஐயங்கள். இடது கதவுத் தூணில் தகட்டை விலக்கியதும் உள்ளே மரம் கறுத்து, ஆணியைச் சுற்றித் தூளாக உதிர்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா? மேலும், கதவுக்குள் தெர்மோகோலை அடைத்தால் சத்தம் குறையும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், சரிதானா?

மறுமொழி 3: கேபின் தச்சு (நாமக்கல்)

வணக்கம். லாரி பாடி கட்டும் தச்சு வேலையில் மூன்றாம் தலைமுறையாக இருக்கிறோம். ஆணியைச் சுற்றி மரம் கறுப்பது, ஈரத்தில் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து ஏற்படுத்தும் மாற்றம். கறுப்பு மேலோடு நின்றிருந்தால் கவலையில்லை. குத்தூசியை அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தத் துண்டை மாற்றியாக வேண்டும். தூண் முழுவதையும் கழற்ற வேண்டாம். அழுகாத இடம்வரை சாய்வாக அறுத்து, மரத்தின் கனத்தைப்போல் ஆறு மடங்கு நீளத்துக்குச் சாய்வு விட்டு, அதே வகை மரத்தில் துண்டு சேர்த்து எபாக்ஸி பசையால் ஒட்டி, போல்ட் போட்டு இறுக்கலாம். இருப்பது தேக்கா வேங்கையா என்று சீவிப் பார்த்தால் தச்சர் சொல்லிவிடுவார். பசுமரம் போட்டால் காய்ந்து சுருங்கி, ஆறு மாதத்தில் மூட்டு ஆடும். நீங்கள் கேட்கும் கிறீச்சுச் சத்தங்களில் பாதி அப்படி ஆடுகிற மூட்டுகளிலிருந்து வருபவைதான். ஒரு தெருவுக்கு வண்டியை மெதுவாக ஓட்டவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டின்மேலும் கையை வைத்துக்கொண்டே வாருங்கள். எது அசைகிறது என்பது காதைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும்.

தகட்டை மறுபடி போர்த்துவதற்கு முன், மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் இரண்டு கை ஓட்டி நன்றாக உலரவிடுங்கள். தகட்டின் உட்புறத்துக்கும் பிரைமர் அடித்து, மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் பட்டை வைத்துத் திருகாணி போடுங்கள். பழைய வண்டிகளில் இந்த இடத்தில் சாக்குத் துணியைத் தாரில் முக்கி வைத்திருப்பார்கள். அன்றைக்கு அது நல்ல யோசனை. ஆனால் தார் காய்ந்து வெடித்தபின் சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உங்கள் தூணில் அதுதான் நடந்திருக்கும். பழைய சாக்கு ஏதாவது மிச்சம் இருந்தால் முழுவதுமாக எடுத்துவிடுங்கள்.

மறுமொழி 4: அதிர்வும் ஒலியும் (சென்னை)

தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். அதற்கு எடையும் இல்லை, ஒலியை உறிஞ்சும் திறந்த துளைகளும் இல்லை. கதவுக்குள் கண்ணாடியின் ஓட்டத்தை மறிக்கும், உதிர்ந்த மணிகள் நீங்கள் இப்போது திறந்துவிட்ட வடிகால் துளைகளை மறுபடி அடைக்கும். கதவின் வெளித்தகட்டு நடுவில், உட்புறமாக, இரண்டு சாண் நீள டேம்பிங் ஷீட் ஒன்று போதும். அதன் கீழ் விளிம்பு கதவின் அடியிலிருந்து ஒரு சாணாவது மேலே இருக்கட்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னும் பின்னும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி போதும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் அதே கைபேசியை அதே இருக்கையில், அதே கியரில், அதே சுற்றில், அதே சாலையில் வைத்து எடுத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாட்டை நம்பலாம். வழக்கமான ஏ-எடை அளவீடு (dBA) தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் காட்டும் என்பதால், செயலியில் அவ்வளவாகக் குறைக்காத சி-எடை (dBC) இருந்தால் இரண்டிலும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திர ரப்பர்களை மாற்றியதும் வரும் எண்களை இங்கே பதிவிட்டால், அடுத்ததாகத் தளத்தில் கை வைப்பதா கூரையில் கை வைப்பதா என்று பார்த்துச் சொல்கிறேன்.